பிரிவிலிருந்து வீடு வரை

கோவைப் பக்கத்துக்காரர்களுக்குப் ‘பிரிவு’ என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. பெரிய சாலையை விட்டு ஊருக்குள் போகும் சாலை கிளைக்கும் இடம் பிரிவு. அத்திப்பாளையம் பிரிவு, வலியாம்பாளையம் பிரிவு என்று சத்தியமங்கலம் போகும் சத்தி சாலை நெடுகிலும் பிரிவுகள் உண்டு. குரும்பபாளையத்துக்கும் கோவில்பாளையத்துக்கும் இடையில், பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு பிரிவில் இறங்கி, அங்கிருந்து 2 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக உள்ளே போனால் எங்கள் வீடு வரும். காந்திபுரம் நூறடிச் சாலையில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலைக்கு நான் அங்கிருந்துதான் பேருந்தில் போய்வருகிறேன். எங்களிடம் கார் இல்லை. வீட்டிலிருக்கும் ஒரே இருசக்கர வண்டி, கணவர் பட்டறைக்கு ஷிப்டு முறையில் போய்வருவதற்கே சரியாக இருக்கிறது.

போன மாதம் ஒரு சீர் விசேஷத்துக்குப் போயிருந்தபோது என் பெரியம்மா, “ஏங்கண்ணு, இன்னுமா பஸ்ஸுலயே வர்றீங்க? ஒரு காரு எடுத்தர வேண்டியதுதானே?” என்று கேட்டார். அக்கறையில் கேட்டதுதான். அந்தக் கேள்விக்கு அங்கே நின்றபடி இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சாதாரணமான ஒரு சின்னக் காரைக் கடனில் எடுத்தாலும் மாதத் தவணை 11,000 ரூபாயைத் தாண்டுகிறது. தினமும் 40 கிலோமீட்டர் ஓட்டினால் பெட்ரோலுக்கு மாதம் 6,000 ரூபாய்க்குக் குறையாது. காப்பீடு, சர்வீஸ், காந்திபுரத்தில் வண்டி நிறுத்தும் செலவு எல்லாம் அதற்கு மேல். ஒருவர் வேலைக்குப் போய்வருவதற்காக, எங்கள் இருவர் சம்பளத்தில் ஏறக்குறைய பாதியை எடுத்து வைக்க வேண்டியிருக்கும். 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அதற்கு முன் எனக்குப் பயணச் செலவு மாதம் 900 ரூபாய் அளவில் இருந்தது. அன்றிலிருந்து அந்தப் பணத்தை மகள் பெயரில் அஞ்சலகத்தில் மாதாமாதம் கட்டிவருகிறேன். அவள் இப்போது பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறாள். கல்லூரியில் சேர்க்கும்போது முதல் பருவக் கட்டணத்துக்கு அந்தச் சேமிப்பு கைகொடுக்கும். இந்தத் திட்டத்தை யாராவது இலேசாகப் பேசும்போது எனக்கு அந்த அஞ்சலகப் புத்தகம்தான் நினைவுக்கு வரும்.

ஆனால் எந்தப் பேருந்தில் வேண்டுமானாலும் அப்படி ஏற முடியாது. சத்தி சாலையில் அன்னூர், புளியம்பட்டி, சத்தியமங்கலம் பேருந்துகள் அடிக்கடி போகின்றன. அவை எங்கள் பிரிவில் நிற்பதில்லை. தனியார் டவுன் பஸ் நிற்கும், அதில் டிக்கெட் எடுக்க வேண்டும். அரசு டவுன் பஸ்ஸுக்காகக் காத்திருந்து ஏறினால், டெக்ஸ்டூல் பாலம், கணபதி, சிவானந்தபுரம் தாண்டி, சரவணம்பட்டி நெரிசலில் ஊர்ந்து, ஒரு மணி நேரத்துக்கும் மேலாகிவிடுகிறது. மேட்டுப்பாளையம் சாலைக்காரர்களுக்காவது துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை என்று ரயில் நிலையங்கள் இருக்கின்றன. சத்தி சாலைக்குத் தண்டவாளமே கிடையாது. இருந்தாலும் இந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி எனக்குப் பெரிய குறை இல்லை. உட்கார இடம் கிடைத்தால் கண்ணயரலாம். கிடைக்காத நாளில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வரலாம். பதினோரு வருடப் பழக்கம்.

என் குறை பேருந்தை விட்டு இறங்கிய பிறகு தொடங்குகிறது.

காலையில் மினி பஸ் இருக்கிறது. 7.55-க்கு எங்கள் நகர் முனையில் ஏறினால் பத்து நிமிடத்தில் பிரிவில் விட்டுவிடும். மாலையில் அதே மினி பஸ் கடைசி நடையை 7.30-க்கு முடித்துக்கொள்கிறது. ஆறரைக்கு வேலை முடிந்து காந்திபுரத்தில் பேருந்து பிடிக்கும் எவரும் எட்டு மணிக்கு முன் பிரிவில் இறங்க முடியாது. அதனால் வாரத்தில் ஆறு நாளும் நடந்துதான் வீட்டுக்குப் போகிறேன். அந்த நடையை விவரமாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் காரில் அந்த வழியே போகிறவர்களுக்கு அது தெரியாது. எங்களிடம் கார் இருந்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

பிரிவில் ஓர் இளநீர்க் கடை இருக்கிறது. கடைக்கார அம்மா எட்டரை வரை விளக்கை அணைக்காமல் வைத்திருப்பார். அங்கிருந்து கோயில் வரை தெருவிளக்கு எரிகிறது. கோயிலைத் தாண்டிய வளைவில் ஒரு ஊராட்சியின் எல்லை முடிந்து அடுத்த ஊராட்சி தொடங்குகிறது. அந்த இடத்தில் எழுநூறு மீட்டருக்கு ஒரு விளக்கும் இல்லை. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, அதற்கு அப்பால் தென்னந்தோப்பு. தார் முடியும் ஓரத்தில் மண் அரை அடி பள்ளமாகக் கிடப்பதால், எதிரே எம்-சாண்ட் ஏற்றிய டிப்பர் வரும்போது பள்ளத்தில் காலை வைத்து, வேலியோடு வேலியாக ஒட்டி நின்றுகொள்ள வேண்டும். செல்பேசியின் விளக்கை நாங்கள் பாதை பார்ப்பதற்கு மட்டும் அடிப்பதில்லை. வண்டிக்காரர் கண்ணில் பட வேண்டும் என்று கையைத் தாழ்த்தி முன்னும் பின்னுமாக ஆட்டிக்கொண்டே நடப்போம். ஆடி மாதக் காற்றில் மட்டை விழும் சத்தம் ஒவ்வொரு முறையும் நெஞ்சைத் தூக்கிப் போடும். கோழிக்கடைக் கழிவை யாரோ கொட்டிவிட்டுப் போகும் இடத்தில் நாய்கள் நிற்கும் என்பதால், அங்கே வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு மெதுவாகக் கடப்போம்.

‘நாங்கள்’ என்றால் மூன்று பேர். ஒருவர் மருத்துவமனைச் செவிலியர், இன்னொருவர் துணிக்கடையில் வேலை செய்யும் சின்னப் பெண். யார் முதலில் இறங்கினாலும் மற்ற இருவருக்காக இளநீர்க் கடையில் காத்திருப்பார்கள். நான் சில நாள் பசியிலும் களைப்பிலும் கிளம்பப் பார்த்தால் கடைக்கார அம்மா விடமாட்டார். “இரு கண்ணு, அந்தப் புள்ளையும் வந்துரட்டும். மூணு பேரும் சேந்து போயிருங்க” என்பார். அவருடைய அந்த ஒரு வார்த்தைதான் எங்களுக்கு இருக்கும் பாதுகாப்பு ஏற்பாடு. ஒரு மாநகரின் புறநகர், இளநீர் விற்கும் ஒரு பாட்டியின் கருணையை நம்பி நடக்கிறது என்பது எனக்கு வருத்தமாகவும் கோபமாகவும் இருக்கிறது.

மினி பஸ்காரரைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. நடத்துநர் தம்பியிடம் கேட்டேன். “எட்டரைக்கு எடுத்தா நாலு டிக்கெட்டுதானுங்க்கா வருது, டீசலுக்கே பத்தாது” என்றார். உண்மைதான். ஆனால் ஏன் நாலு டிக்கெட் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சில மாதம் எட்டரை நடை ஓடியது. வாரத்தில் இரண்டு நாள் வராது. வருமா வராதா என்று தெரியாத வண்டியை நம்பி யார் காத்திருப்பார்கள்? வசதி உள்ளவர்கள் பிரிவிலேயே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் போகத் தொடங்கினார்கள். ஆள் குறைந்தது, நடையும் நின்றுபோனது. 1997-ல் தமிழ்நாட்டில் மினி பஸ் திட்டம் தொடங்கியபோது அதன் நோக்கமே பேருந்து போகாத ஊர்களைப் பெரிய சாலையோடு இணைப்பதுதான். 2025-ல் புதிய விரிவான சிற்றுந்துத் திட்டமும் வந்திருக்கிறது. தடங்கள் கூடியது நல்ல செய்தி. ஆனால் கடைசி நடை எத்தனை மணிக்கு, அது எல்லா நாளும் ஓடுமா என்பதுதான் எங்களைப் போன்றவர்களுக்கு முக்கியம். இரவு ஒன்பது மணிக்கு ஒரு நடை தவறாமல் ஓடும் என்று உறுதி இருந்தால், ஆறு மாதத்தில் அதில் இருபது பேர் ஏறுவார்கள் என்று நான் நம்புகிறேன். அந்த ஆறு மாத நட்டத்தை வண்டிக்காரர் தலையில் கட்டாமல் அரசு ஏற்க வேண்டும்.

இவ்வளவு பணத்துக்கு எங்கே போவது என்று கேட்கலாம். அவிநாசி சாலையில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் 1,791 கோடி ரூபாயில் கட்டப்பட்டு, 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. அது தேவையற்றது என்று நான் சொல்லவில்லை. விமான நிலையத்துக்குப் போகிறவர்களுக்கும் ஆம்புலன்ஸுக்கும் அது பெரிய உதவி. ஆனால் நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆள் ஏற்றி இறக்கும் டவுன் பஸ் பாலத்தின் அடியில்தான் போயாக வேண்டும். அந்தப் பாலத்துக்கு வைத்திருப்பது ஜி.டி. நாயுடு பெயர். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை வாங்கித் தாமே ஓட்டத் தொடங்கியவர் அவர். கொங்கு நாட்டில் ஊரையும் ஊரையும் இணைத்தது பேருந்துதான் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று. அவர் பெயர் தாங்கிய பாலத்தைப் பார்க்கும் போதெல்லாம், அவர் தொடங்கிய அந்தத் தொழிலுக்கும் இந்த ஊர் அதே அளவு மனசு வைத்திருக்கக் கூடாதா என்று ஏங்குகிறேன்.

மெட்ரோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவிநாசி சாலை, சத்தி சாலை என இரண்டு தடங்களில் 39 கிலோமீட்டருக்குத் திட்டமிட்டதை, 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 20 லட்சத்துக்குக் குறைவு என்ற காரணத்தைக் காட்டி மத்திய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பியது. 2011-ல் எங்கள் குடியிருப்பு சோளக்காடாக இருந்தது. நாங்கள் 2014-ல் சைட் வாங்கியபோதுகூட ஒரு பக்கம் சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்தார்கள். இன்று இங்கே நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள். அந்தப் பழைய எண்ணிக்கையை வைத்து இன்றைய புறநகரை அளப்பது சரியல்ல. மெட்ரோ வர வேண்டும் என்றே நானும் விரும்புகிறேன். ஆனால் சத்தி சாலைத் தடம் முடிவதாகத் திட்டமிட்ட இடம் எது தெரியுமா? வலியாம்பாளையம் பிரிவு. அங்கே இறங்கி உள்ளே போகிறவர்களுக்கும் எங்களுக்கு இருக்கும் அதே இருட்டு காத்திருக்கும்.

சைட் விற்றவர் எங்களிடம் “காந்திபுரத்துக்கு இருபத்தைந்தே நிமிஷம்” என்று சொன்னார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காரில் போனால் அது சரியாக இருக்கலாம். அங்கீகார வரைபடத்தில் பூங்காவுக்கு இடம் விட்டிருக்கிறார்கள், சாலை அகலம் போட்டிருக்கிறார்கள். ஒரு சிறு பேருந்து வந்து நின்று திரும்புவதற்கு இடமில்லை. மினி பஸ் இன்றும் கோயில் பொட்டலில்தான் திரும்புகிறது. சைட் வாங்கும்போது தண்ணீர் வருமா, பட்டா சரியா என்று நூறு கேள்வி கேட்ட நாங்களும் பேருந்து எத்தனை மணி வரை வரும் என்று கேட்கவில்லை. இனி வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து கேளுங்கள்.

கார் இல்லாததால் தவித்த நாளே இல்லை என்று சொன்னால் அது பொய். ஒரு நாள் இரவு பதினோரு மணிக்கு மாமியாருக்கு மூச்சுத் திணறியது. 108-க்கு அழைத்துவிட்டுக் காத்திருந்த அந்த நேரத்தில், எதிர்வீட்டு அண்ணன் தம் காரை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். நல்லபடியாக முடிந்தது. அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, கடன் வாங்கியாவது காரை எடுத்துவிடலாம் என்று நானும் கணவரும் பேசினோம். விடிந்த பிறகு மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்து வேண்டாம் என்று முடிவுசெய்தோம். வருடத்தில் ஓர் இரவுக்கு அக்கம்பக்கத்தார் இருக்கிறார்கள், வாடகை வண்டி இருக்கிறது. வருடத்தில் முந்நூறு இரவுக்குத்தான் எங்களுக்கு வழி வேண்டும்.

இன்னொன்று என்னை மிகவும் உறுத்துகிறது. பேருந்து இல்லாத காரணத்தால் எங்கள் தெருவில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் கையில் ஸ்கூட்டர் சாவியைக் கொடுக்கிறார்கள். டியூஷன் முடிந்து அதே இருட்டு வளைவில் இரண்டு மூன்று பேராக ஏறிக்கொண்டு வருகிறார்கள். அந்த வண்டிகளை ஓட்ட 18 வயது நிரம்பி உரிமம் எடுக்க வேண்டும் என்பது பெற்றோருக்குத் தெரியாததல்ல. “வேற வழி என்னங்க இருக்குது?” என்று அவர்கள் கேட்கும்போது என்னால் பதில் சொல்ல முடிவதில்லை. என் மகளும் கேட்கிறாள். நான் சாவியைக் கொடுக்கவில்லை. பிரிவு வரை போய்க் கூட்டிவருகிறேன்.

நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு மனு எழுதியிருக்கிறோம். வளைவில் எழுநூறு மீட்டருக்கு விளக்கு, தார் ஓரத்தில் மண் கொட்டிச் சமன்செய்தல், இரவு 8.15-க்கும் 9 மணிக்கும் தவறாத மினி பஸ் நடை, பிரிவில் ஒரு நிழற்குடை. இவ்வளவுதான் கேட்டிருக்கிறோம். இதுவரை 146 பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அவர்களில் கார் வைத்திருப்பவர்களும் உண்டு, எதிர்வீட்டு அண்ணன்தான் முதல் கையெழுத்து. வருகிற திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போகிறோம். எங்கள் பிரிவில் இறங்குகிறவர்கள் இதைப் படித்தால், மனு நோட்டு இளநீர்க் கடையில் இருக்கிறது. சனிக்கிழமை இரவு வரை கையெழுத்துப் போடலாம்.