கத்திக்குக் கருப்பு பெயின்ட் அடிக்கக் கிளம்பியிருக்கும் தம்பிகளுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் ஒரு துருப்பிடித்த கவ்வாத்துக் கத்தியோடு வந்து நின்றான். "மாமா, இதுக்கு மேட் பிளாக் அடிச்சுக் குடுங்க." யூடியூபில் யாரோ கத்திக்குக் கோட்டிங் போட்டு, ஓவனில் வைத்து, துப்பாக்கி மாதிரி கருகருவென்று எடுப்பதைப் பார்த்திருக்கிறான். அவனோடு காட்டுப் பக்கம் டென்ட் போடப் போகிற பையன்கள் எல்லோருக்கும் இப்போது அதே ஆசைதானாம். நானும் ஆசைப்பட்டவன்தான். மூன்று கத்தியைக் கெடுத்துவிட்டுப் பேசுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தேயிலைச் செடியை நான்கைந்து வருஷத்துக்கு ஒருமுறை வெட்டிக் குட்டையாக்குவதைத்தான் கவ்வாத்து என்கிறோம். நீலகிரி மாவட்டத்தில் எங்கள் பந்தலூர்ப் பக்கம் ஜூனில் பிடிக்கிற மழை லேசில் விடாது. தமிழ்நாட்டில் தென்மேற்குப் பருவமழை மிக அதிகமாகக் கொட்டும் இடங்களில் பக்கத்திலிருக்கும் தேவாலாவும் ஒன்று. துடைக்காமல் வைத்த கத்தி மறுநாள் காலையில் செம்பட்டை பூத்திருக்கும். அதனால் பெயின்ட் அடிப்பது இங்கே வெறும் அழகுக்கு இல்லை.

முதல் கத்தியை ஜூலையில் கெடுத்தேன். ஸ்பிரே டப்பா வாங்கி வந்து, திண்ணையில் வைத்து, மழையைப் பார்த்துக்கொண்டே அடித்தேன். பத்து நிமிஷத்தில் கருப்பு சாம்பலாகி, திருநீறு பூசினாற்போல் வெளுத்துவிட்டது. டப்பாதான் போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். பாவம், அவர்மேல் தப்பில்லை. தின்னர் ஆவியாகும்போது இரும்பின் மேற்பரப்பு குளிர்ந்துவிடும், காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் பனியாகப் படியும். இரும்பு, பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரியாவது சூடாக இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பெயின்ட் தொழிலில் இருப்பவர்களின் கணக்கு. எங்கள் ஊர் ஆடி மாசத்தில் அது நடக்கிற கதையா? தை, மாசியில் பத்து மணி வெயிலில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கத்தி பார்க்க அருமையாக வந்தது. நாலே மாசம். பெயின்டுக்கு அடியில் மண்புழு ஊர்ந்த தடம் மாதிரி மெல்லிய கோடுகள். நகத்தால் கீறினால் தோலாக உரிகிறது, உள்ளே துரு. பழைய தேங்காயெண்ணெயைச் சரியாகக் கழுவாமல் அதன்மேலேயே அடித்திருக்கிறேன். இதில் பெயின்ட் அடிப்பது கால் மணி நேர வேலை, கழுவித் தேய்ப்பது அரை நாள் வேலை. பாத்திரம் விளக்குகிற சோப்பு, அப்புறம் 120 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 220, கடைசியாக தின்னர் நனைத்த வெள்ளைத் துணி. துணியில் கறுப்பு ஒட்டாமல் வரும் வரைக்கும் துடைக்க வேண்டும். அதற்குப் பிறகு வெறுங்கையால் தொடக் கூடாது, விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசையே போதும், கெடுத்துவிடும். வீடியோக்களில் இந்தப் பகுதியைத்தான் வேகமாக ஓட்டிவிடுகிறார்கள்.

மூன்றாவதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அது அப்பாவின் கத்தி. 1974இல் இலங்கையிலிருந்து குடும்பத்தோடு வந்து இந்த மலையில் இறங்கிய பிறகு முதன்முதலாக வாங்கியது, லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது. பெயின்ட் சீக்கிரம் காயட்டும் என்று அதை கேஸ் அடுப்பில் காட்டினேன். முனைப் பக்கம் நீலம் ஓடிவிட்டது. இரும்பு நீலமாவது கிட்டத்தட்ட 300 டிகிரியில். அந்தச் சூட்டில் மெல்லிய வாய்ப்பக்கம் இளகிவிடும். தாளூர் தாண்டி வயநாட்டுப் பக்கம் இருக்கும் கொல்லரிடம் கொண்டுபோனேன். சேட்டன் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு, "இதின்டெ ஜீவன் போயி" என்றார். திரும்ப உலையில் வைத்துத் தோய்த்துத்தான் தந்தார். ஆனால் பழைய கத்தி இல்லை அது.

வீடியோவில் ஓவனில் வைக்கிறார்களே என்று கேட்பீர்கள். துப்பாக்கிக்குப் போடுகிற செராகோட் மாதிரியான கோட்டிங்கை ஏறக்குறைய 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைப்பார்கள். அந்தச் சூடு கத்தியை ஒன்றும் செய்யாது. ஆனால் கேக் சுடுகிற ஓவனில் வைக்காதீர்கள். ஹார்ட்னர் கலந்து அடிக்கிற இரண்டு டப்பா பெயின்ட்டும் வீட்டுக்குள் வேண்டாம். அதிலிருக்கும் ஐசோசயனேட் என்கிற ரசாயனம் ஆஸ்துமாவையே கொண்டுவந்துவிடும், துணி மாஸ்க்கெல்லாம் அதற்குக் காணாது.

எப்படி அடித்தாலும் வாய்க்குப் பெயின்ட் நிற்காது. ஒரு தடவை சாணை பிடித்தால் போயிற்று. முதுகுக்கும் வயிற்றுக்கும் பெயின்ட், வாய்க்கு எண்ணெய், அவ்வளவுதான். காய்கறி நறுக்கும் கத்திக்கு எதுவுமே வேண்டாம், பெயர்ந்து சாம்பாரில் விழும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016இல் விதி வந்துவிட்டது, ஆனால் தொழிற்சாலைப் பெயின்டுகளுக்கு அந்த விதி கிடையாது.

கருப்புதான் வேண்டும் என்றால் எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமா? சில்வர் கத்தியில் பிடிக்காது, துருப்பிடிக்கிற சாதா இரும்பாக இருக்க வேண்டும். டஸ்ட் டீயைக் கசக்கும்படி கொதிக்கவைத்து ஆறவிட்டு, கொஞ்சம் வினிகர் ஊற்றி, சுத்தமாகத் தேய்த்த கத்தியை ராத்திரி முழுக்க ஊறப்போடுங்கள். தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கருநீலமாகிவிடும். கடுக்காய் மை கறுப்பதும் இப்படித்தான். காலையில் கழுவி எண்ணெய் பூசிவிடுங்கள். பெயின்ட் அளவுக்குக் காவல் கிடையாது, ஆனால் உரியாது, மங்கினால் திரும்ப ஊறப்போடலாம். வீட்டில் டீத்தூள் தீர்ந்துபோனதற்குக் கிடைக்கும் திட்டு தனி.

அக்கா மகனுக்கு இதையெல்லாம் சொல்லிவிட்டு, அலகை டீயில் போட்டேன். பிடிக்கு ஆரஞ்சு அடித்தேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. தேயிலைச் செடிக்கடியில் கருப்புப் பிடிபோட்ட கத்தியைத் தவறவிட்டு, அட்டைக்கடியோடு அரை நாள் தேடியவனுக்குத்தான் ஆரஞ்சின் அருமை தெரியும். நன்றாக இறுக இன்னும் நாலு நாள் ஆகும், தொடாதே என்றுதான் சொல்லியிருந்தேன். இன்று காலை பார்த்தால் பிடியில் அவன் பெருவிரல் ரேகை அழகாகப் பதிந்திருக்கிறது.