ரத்தத்தில் ஈயம் என்று ரிப்போர்ட் வந்தால் முதலில் சமையலறையைப் பாருங்கள்

கொத்தமல்லித்தழை ஜூஸ், குளோரெல்லா என்ற பாசிப் பொடி, வெறும் வயிற்றில் மூன்று வாரம், உடம்பில் உள்ள கன உலோகம் எல்லாம் வெளியே போய்விடும் என்கிற ஃபார்வர்டு மறுபடியும் குழுக்களில் சுற்றுகிறது. அதைப் பார்த்துப் பயந்து லேபுக்குப் போகிறார்கள். ரிப்போர்ட்டில் ஏதோ ஒன்று தடித்த எழுத்தில் வந்ததும் இன்னும் பயந்து பவுடர் டப்பா வாங்குகிறார்கள். அந்தப் பணத்தையும் நேரத்தையும் ஈயம் (லெட்) எந்த வழியாக வந்தது என்று தேடுவதில் போட வேண்டும் என்பதுதான் என் வாதம்.

முதலில் ரிப்போர்ட்டைப் படிக்கும் விதம். எந்த மாதிரியை எடுத்தார்கள் என்று பாருங்கள். ஈயத்துக்கு ரத்தம்தான், அதுவும் நரம்பில் எடுத்த ரத்தம். விரல் நுனியில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டியிருக்கும் தூசியும் சேர்ந்து எண்ணைக் கூட்டிக் காட்டலாம். அதனால் அந்த முறையில் கூடுதலாக வந்ததை நரம்பு ரத்தத்தில் உறுதி செய்யாமல் நம்பக்கூடாது. அடுத்தது அலகு. ஒரு லேப் டெசிலிட்டருக்கு மைக்ரோகிராம் என்று போடும், இன்னொன்று லிட்டருக்கு என்று போடும். பத்து மடங்கு வித்தியாசம். லிட்டருக்கு 40 என்று வந்தது டெசிலிட்டருக்கு 4தான். இதைக் கவனிக்காமல் தூக்கம் தொலைப்பவர்கள் நிறைய.

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2021 வழிகாட்டுதலில், டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் ஈயம் வரும் வழியைக் கண்டுபிடித்து நிறுத்தச் சொல்கிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி அதே ஆண்டில் குழந்தைகளுக்கான தன் அளவுகோலை 5-இலிருந்து 3.5-க்கு இறக்கியது. இவை நடவடிக்கை எடுக்கச் சொல்லும் கோடுகள். கோட்டுக்குக் கீழே இருந்தால் நஞ்சில்லை என்று அர்த்தமில்லை. அதே சமயம், 4 இருந்தது 5 ஆனதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. அந்த அளவு ஏற்ற இறக்கம் சோதனையிலேயே உண்டு.

மற்ற உலோகங்களுக்குக் கணக்கு வேறு. ரத்தத்தில் பாதரசம் என்றால் பெரும்பாலும் மீன் வழியாக வந்த மெத்தில் பாதரசம். பாதரச ஆவியை சுவாசித்தவருக்குச் சிறுநீர்தான் சரியான மாதிரி. ஆர்சனிக் ரிப்போர்ட்தான் அதிகம் ஏமாற்றுவது. இறாலோ நண்டோ சாப்பிட்ட மறுநாள் சிறுநீர் கொடுத்தால் மொத்த ஆர்சனிக் எகிறி நிற்கும். அதில் பெரும்பங்கு ஆர்சனோபீட்டெய்ன், கடல் உணவில் இயல்பாகவே உள்ள, தீங்கு செய்யாத வடிவம். நான்கைந்து நாள் கடல் உணவை நிறுத்திவிட்டுக் கொடுங்கள், அல்லது நஞ்சான கனிம ஆர்சனிக்கைத் தனியாகப் பிரித்துச் சொல்லும் சோதனை கேளுங்கள். எம்ஆர்ஐ, சிடி ஸ்கேனுக்குக் கான்ட்ராஸ்ட் ஊசி போட்டிருந்தாலும் நான்கு நாள் தள்ளிப் போடுங்கள்.

இரண்டு சோதனைகளுக்குப் பணம் கட்டவே வேண்டாம் என்பேன். ஒன்று, முப்பது உலோகங்களை வண்ணப் பட்டையில் காட்டும் முடிச் சோதனை. ஷாம்பு, டை, தெருத்தூசி எல்லாம் முடியில் ஏறும். மெத்தில் பாதரசத்துக்கு மட்டும் அது ஓரளவு உதவும். இன்னொன்று, கீலேஷன் மாத்திரை (உலோகத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்து) கொடுத்து அதற்குப் பிறகு சிறுநீர் பிடிப்பது. மாத்திரை போட்டால் யாருக்கும் உலோகம் கூடுதலாகத்தான் வெளியேறும். அந்த எண்ணை, மாத்திரை போடாதவர்களின் இயல்பு அளவோடு ஒப்பிட்டு உங்களுக்கு விஷம் ஏறிவிட்டது என்று சொல்வது நியாயமே இல்லை.

இப்போது கொத்தமல்லி. ரத்தத்தில் உள்ள ஈயம் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும், வரும் வழி அடைபட்டிருந்தால். ஜூஸ் குடிக்கும் வீட்டில் அதே சமயம் மாவு, பொடி, பாத்திரம் எல்லாவற்றையும் மாற்றியிருப்பார்கள். எண் இறங்கும், பேர் ஜூஸுக்குப் போகும். ஈயத்துக்கு ஆளான சிறு குழந்தைகளுக்குக் கொத்தமல்லிச் சாறு கொடுத்துப் பார்த்த ஆய்வில், வெறும் பாகு குடித்த குழந்தைகளுக்கும் அதே அளவு முன்னேற்றம்தான் தெரிந்தது. தழையைச் சட்னி அரைத்துச் சாப்பிடுங்கள், நல்லது. ஆனால் வெறும் வயிறு என்ற யோசனை நேர் எதிரானது: வயிறு காலியாக இருக்கும்போதுதான் குடல் ஈயத்தை அதிகம் உறிஞ்சும். டீடாக்ஸுக்கு என்று விற்கும் பென்டோனைட் களிமண்ணிலேயே ஈயம் இருந்ததாக அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2016-இல் எச்சரித்தது.

உண்மையில் உதவுவது இரும்புச்சத்து. குடலில் இரும்பை உள்ளே எடுக்கும் அதே வாசலில்தான் ஈயமும் நுழைகிறது. ரத்தசோகை உள்ள குழந்தைக்கு அந்த வாசல் அகலமாகத் திறந்திருக்கும். ஈயம் பார்க்கும்போதே ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் (உடம்பில் உள்ள இரும்பின் சேமிப்பைக் காட்டுவது) பார்க்கச் சொல்லுங்கள். குறைந்திருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் இரும்பு மருந்து, கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ, சாப்பாட்டோடு டீ வேண்டாம். கர்ப்பிணிகளுக்குக் கால்சியமும் முக்கியம். பெரியவர்களின் உடம்பில் உள்ள ஈயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில்தான் இருக்கிறது, கர்ப்பகாலத்தில் எலும்பு கரையும்போது அதுவும் ரத்தத்துக்கு வரும்.

வரும் வழியைத் தேடும்போது நம் வீடுகளில் முதலில் நிற்பது ரசம் வைக்கும் ஈயச்சொம்பு. நம் மொழியில் ஈயம் இரண்டு: வெள்ளீயம், காரீயம். சொம்பு வெள்ளீயத்தில் செய்யப்பட வேண்டும், அதனால் கெடுதல் இல்லை. ரிப்போர்ட்டில் இருப்பது காரீயம். விலை குறைவு என்பதால் காரீயத்தைக் கலந்து வார்த்தால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. புளியும் தக்காளியும் கொதிக்கக் கொதிக்க அதைக் கரைத்து இறக்கும். பித்தளைக்குப் பூசும் ஈயத்திலும் இதே கலப்படம் நடக்கலாம். எக்ஸ்ரே பாய்ச்சி உலோகத்தை அடையாளம் காணும் எக்ஸ்ஆர்எஃப் கருவியில் பாத்திரத்தை வெட்டாமலே பார்த்துவிடலாம். தங்கத்தின் மாற்றுப் பார்க்கும் கருவியும் இந்த வகைதான், ஆனால் காரீயத்துக்கு அளவுதிருத்தம் செய்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது மஞ்சள். விரலி மஞ்சளுக்குப் பளபளப்பு ஏற்ற லெட் குரோமேட் என்ற, காரீயம் உள்ள மஞ்சள் நிறமியைப் பூசும் வழக்கம் உண்டு. வங்கதேசத்தில் 2019-இல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் அது இருந்தது. அரசு சோதனை நடத்தி, அபராதம் போட்டு, ஊரறியச் சொன்னதும் 2021-இல் ஒரு மாதிரியிலும் இல்லை. இங்கேயும் அது முடியும் என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு பழைய பெயின்ட் உதிரும் சுவர் (பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்), பேட்டரி உடைக்கும் பட்டறைக்குப் போய்வந்த உடைகள், சுர்மா, உட்பொருள் எழுதாத செந்தூரம், பழைய உலோகத்தை உருக்கி வார்த்த அலுமினியப் பாத்திரம்.

வழியை அடைத்துவிட்டு ஒன்று முதல் மூன்று மாதத்தில் அதே லேபில் மறுபடி பாருங்கள். குழந்தைக்கு டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராமைத் தொட்டால் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே மருத்துவமனை. அங்கே கொடுக்கும் டிஎம்எஸ்ஏ என்ற கீலேஷன் மருந்து உயிர் காப்பது. அதையும் ஈயம் வந்துகொண்டிருக்கும் வீட்டில் வைத்துக் கொடுத்தால் பலனில்லை, எண் மறுபடி ஏறும்.

காரீயம் கலந்தது என்று உறுதியான சொம்பைப் பழைய பாத்திரத்துக்குப் போட்டுவிடாதீர்கள். உருகி இன்னொரு வீட்டு அடுப்பில் ஏறும்.