இந்தா, பக்கத்துலதான!

நேத்து சாயங்காலம் ஆறரை இருக்கும். சென்னை–திருச்சி நாலுவழிச் சாலையில, உளுந்தூர்பேட்டை தாண்டி பைக்ல வந்துட்டிருக்கேன். முன்னாடி ஒரு வைக்கோல் டிராக்டர். ஏறலாம்னு வலது பக்கம் ஒடிச்சா, மீடியன் அரளிச்செடியை ஒட்டினாப்ல எதுத்து வருது ஒரு பழைய எக்ஸ்எல். ஹெட்லைட் கிடையாது. காலுக்கு நடுவுல புண்ணாக்கு மூட்டை, மூட்டை மேல ஒரு பொடியன், பின்னாடி ஒருச்சாய்ச்சு உக்காந்த அம்மா. நான் அடிச்ச பிரேக்குல பின்சக்கரம் ரோட்டுல கோலம் போட்டுது.

அவரு நிறுத்தி என்னைத் திட்டுறாரு. "ஏம்பா, பாத்து வரமாட்டியா? கண்ணு தெரியல?"

ஏங்க, நீங்க வர்றது தப்பான பக்கம்னேன். "இந்தா பக்கத்துலதான் ஊரு. சுத்திட்டுப் போனா மூணு கிலோமீட்டர். பெட்ரோல் உங்கப்பனா போடுவான்?"

இந்த 'இந்தா பக்கத்துலதான'ங்கிற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறுது. ஒரு கார் நூறுல வருது, இவரு நாப்பதுல எதுக்கப் போறாரு. சேர்த்தா நூத்தி நாப்பது. நூறு மீட்டர் தூரத்துல இருந்தாலும் மூணு செகண்டு கூட இல்ல, மோதியாச்சு. அந்த மூணு செகண்டுல கார்க்காரன் இவரைப் பார்க்கணும், அட எதுத்தா வருதுன்னு புரியணும், அப்புறம்தான் கால் பிரேக்குக்கே போகும். இவரு மிச்சம் பிடிக்கிறது அஞ்சு ரூபா பெட்ரோல்.

இதே 'பக்கத்துலதான' கேஸ்தான் ஹெல்மெட்டும். எங்க தெருவுல எல்லா வண்டியிலயும் ஹெல்மெட் இருக்கு. ஒருத்தனுக்கு டேங்க் மேல, ஒருத்தனுக்கு முழங்கையில, இன்னொருத்தன் அதுல தக்காளி வாங்கிட்டு வர்றான். எதுத்து வர்றவன் லைட்டை மினுக்கி "முன்னாடி புடிக்கிறாங்க"ன்னு சொல்லிட்டா போதும், அம்புட்டு பேரும் ஓரங்கட்டி மாட்டுவாங்க. போலீஸைத் தாண்டி அடுத்த வளைவு, மறுபடி முழங்கைக்கு வந்துரும். 2022 அக்டோபர்ல அபராதத்தை 100-லேர்ந்து 1000 ஆக்கினப்ப ஊரே கத்துச்சு. தலைக்காக யாரும் கத்தினதா ஞாபகம் இல்ல. மாட்டுறவனும் வாரைப் போடுறதில்ல. வார் போடாத ஹெல்மெட் விழுந்த வேகத்துல தனியா உருண்டு போயிரும், தலை தனியாத்தான் தரையில அடிக்கும். ரோட்டோரத்துல 200 ரூபாய்க்கு விக்கிற, ஐஎஸ்ஐ முத்திரையை ஸ்டிக்கரா ஒட்டின தொப்பியைப் பத்திப் பேசவே வேணாம்.

2022-ல மட்டும் இந்தியாவுல ரோட்டுல செத்தது 1,68,491 பேரு. அதுல 50,029 பேரு ஹெல்மெட் போடாதவங்க. விபத்து எண்ணிக்கையில அந்த வருஷம் முதலிடம் நம்ம தமிழ்நாட்டுக்குத்தான், 64,105. செத்தவங்க 17,884. எங்க ஊருல மொத்தமே நாலாயிரம் பேரு. அதாவது எங்க ஊரு மாதிரி நாலு ஊரு காலி.

எக்ஸ்எல்காரரை மட்டும் திட்டினா அதுவும் நியாயமில்ல. ரோட்டுக்கு அந்தப் பக்கம் காடு, இந்தப் பக்கம் வீடு. நடுவுல நாலு வழி போட்டுட்டு, மாடு ஓட்டிட்டுப் போக ஒரு சுரங்கப்பாதை கூட விடாமப் போனா மனுசன் என்ன செய்வான்? எங்க ஊர்க்காரங்க மீடியனைக் கடப்பாரையால உடைச்சு வழி பண்ணுவாங்க, ரோட்டுக்காரங்க வந்து அடைப்பாங்க, மறுபடி உடைப்பாங்க. வருசக்கணக்கா இதேதான் நடக்குது. ராத்திரியில லைட்டு, ரிஃப்ளெக்டர் எதுவுமில்லாம ஓரத்துல லாரியை நிறுத்திட்டுத் தூங்குறவங்களைப் பத்தி தனியாவே ஒரு பதிவு எழுதலாம்.

ஆனா பதினஞ்சு வயசுப் பையன் கையில சாவியைக் கொடுத்து "டியூசன்தான, பக்கத்துலதான"ன்னு அனுப்புற அப்பனுக்கு எந்த ரோடு இன்ஜினியரும் காரணமில்ல. பிடிச்சா 25,000 ரூபா அபராதம், மூணு வருசம் வரைக்கும் ஜெயிலு, அதுவும் பெத்தவனுக்கு. சட்டம் அப்படித்தான் சொல்லுது. சொன்னா, "அவன் சூப்பரா ஓட்டுவான்ப்பா"ன்னு பெருமை வேற.

அடிபட்டா முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தர்ற தமிழ்நாடு அரசுத் திட்டம் 2021 டிசம்பர்லேர்ந்து இருக்கு. நல்ல திட்டம், எத்தனையோ உயிரைக் காப்பாத்தியிருக்கும். ஆனா அந்த ஆஸ்பத்திரி வரைக்கும் உசுரோட போய்ச் சேரணுமே.

எங்கம்மாவும் லேசுப்பட்டவங்க இல்ல. நேத்து நடந்ததைப் பூரா கேட்டாங்க, எக்ஸ்எல்காரரை நாலு வார்த்தை வாய் நிறைய வஞ்சாங்க. இன்னைக்குக் காலையில நான் ஹெல்மெட் தேடிட்டிருக்கேன், அடுப்படியிலேர்ந்து சத்தம்: "தயிர் வாங்க அதெதுக்குடா, இந்தா பக்கத்துலதான கடை?"