எஸ்டோனியா என்றதும் கணினிதானா?

எஸ்டோனியாவைப் பற்றி யார் எழுதினாலும் ஆன்லைன் ஓட்டு, ஸ்கைப், டிஜிட்டல் அடையாள அட்டை என்றே ஆரம்பிக்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்த நாடு குரோன் என்ற சொந்தப் பணத்தை வெளியிட்ட 1992 ஜூன் 20, சனிக்கிழமையில் ஆரம்பிக்க வேண்டும்.

1991 ஆகஸ்டில் சோவியத்திடமிருந்து சுதந்திரம் வந்தாயிற்று. பையில் இருந்ததோ இன்னும் ரூபிள். அதை அச்சடிப்பது மாஸ்கோ. விலை ஏறுகிற வேகத்துக்கு நோட்டும் வந்து சேரவில்லை. 1992இல் பணவீக்கம் 1000 சதவீதத்தைத் தாண்டியது. சொந்தப் பணத்துக்கு அவசரப்படாதீர்கள் என்றுதான் ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) முதலில் சொன்னது. நல்லவேளை, கேட்கவில்லை.

முன்கூட்டியே பெயர் பதிந்தவர்கள் தலைக்கு 1500 ரூபிள் கொடுத்து 150 குரோன் வாங்கலாம். 10க்கு 1. அதற்கு மேல் ரொக்கம் இருந்தால் 50க்கு 1. கெடுபிடிதான். ஆனால் வரம்பு வைக்காமல் விட்டிருந்தால் எல்லைக்கு அப்பாலிருந்து ரூபிள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியிருக்கும். 8 குரோனுக்கு ஒரு ஜெர்மன் மார்க் என்று விலையைக் கட்டினார்கள். அந்த 150 குரோன், 19 மார்க்குக்குக்கூடத் தேறாது! (5 குரோன் நோட்டில் இருந்தது செஸ் மேதை பால் கெரெஸ். தலைவர்கள் படத்தையே பார்த்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் பொறாமை.)

அந்த 8 நிலைத்ததற்குக் காரணம் பழைய தங்கம். 1940இல் சோவியத் பிடிப்பதற்கு முன் எஸ்டோனியா வெளிநாடுகளில் வைத்திருந்தது சுமார் 11 டன். ஸ்வீடன் தன்னிடம் இருந்ததை 1940லேயே சோவியத்திடம் கொடுத்துவிட்டது, பிரிட்டன் 1967இல் விற்றேவிட்டது. 1992இல் இரண்டு நாடுகளும் ஈடு கொடுத்தன. புழக்கத்தில் விடும் ஒவ்வொரு குரோனுக்கும் தங்கமோ அந்நியச் செலாவணியோ கையிருப்பில் இருக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். அரசுக்கு மத்திய வங்கி கடன் தரக்கூடாது. மதிப்பைக் குறைக்கும் அதிகாரமும் அதற்குக் கிடையாது, நாடாளுமன்றம்தான் சட்டத்தை மாற்ற வேண்டும்.

வலி நவம்பரிலேயே தெரிந்தது. மூன்று பெரிய வங்கிகள் முடங்கின. அவற்றில் இரண்டின் பணம் மாஸ்கோ வங்கியில் சிக்கிக்கிடந்தது. நோட்டடித்துக் காப்பாற்ற வழியில்லை. மூன்றாவதான தார்த்து வணிக வங்கியை இழுத்து மூடினார்கள், பணம் போட்டவர்களுக்கும் நட்டம். இதைச் சொல்லாமல் வெற்றிக்கதை மட்டும் சொல்வது எனக்கு உடன்பாடில்லை.

2011 ஜனவரி 1இல் யூரோ வந்தது. மாற்று விகிதம் 15.6466. ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க், அதை 8ஆல் பெருக்கிப் பாருங்கள்.