'தலாய்' மங்கோலியச் சொல் அல்லவா?

மங்கோலிய பௌத்தம் பற்றிய உங்கள் கட்டுரை, மங்கோலியர்கள் திபெத்திடமிருந்து பௌத்தத்தைப் பெற்றவர்கள் என்பதோடு நின்றுவிட்டது. அவர்கள் கொடுத்ததும் உண்டு. 'தலாய் லாமா' என்பதில் உள்ள 'தலாய்' என்பதே கடலைக் குறிக்கும் மங்கோலியச் சொல். 1578இல் மங்கோலிய மன்னர் அல்தான் கான், திபெத்தியத் துறவி சோனம் கியாட்சோவுக்கு அளித்த பட்டம் அது. நான்காம் தலாய் லாமாவோ அந்தக் கானின் கொள்ளுப்பேரன்!

மங்கோலிய பௌத்தத் தலைவரும் சிற்பியுமான சனபசார் பெயரைக்கூடக் காணோமே? அவர் வார்த்த, தாரா என்னும் பௌத்தப் பெண் தெய்வத்தின் சிலைகளைப் படத்தில் பார்த்தாலே கண்ணை எடுக்க முடியாது. அவர் உருவாக்கிய சொயொம்போ எழுத்தின் தொடக்கக் குறிதான் இன்று மங்கோலியக் கொடியில் இருக்கிறது.

1930களின் இறுதியில் மங்கோலியாவில் மடாலயங்கள் இடிக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான லாமாக்கள் (பௌத்தத் துறவிகள்) கொல்லப்பட்டதை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள், அதுதான் வருத்தம். 1990இல் மங்கோலியாவுக்கு இந்தியத் தூதராகச் சென்ற லடாக்கின் குஷோக் பகுலா ரின்போச்சே, அங்கே பௌத்தம் மீண்டும் தலையெடுக்கத் தோள் கொடுத்தார். தூதர் வேலையோடு துறவி வேலையும்! தலைநகர் உலான்பாத்தரில் அவர் நிறுவிய மடாலயம் இன்றும் இருக்கிறது.