பையன் பெயரில் வந்த பத்திரிகை

1739 ஜனவரி 4. அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் 'சவுத் கரோலினா கெசட்' வழக்கம்போல வெளிவந்தது. அச்சிட்டவர் பெயர் மட்டும் மாறியிருந்தது: பீட்டர் திமோத்தி. அவனுக்கு அப்போது 13 வயது இருக்கும். அதுவரை பத்திரிகையை நடத்திய அவன் அப்பா லூயிஸ் திமோத்தி, முந்தைய மாதம்தான் ஒரு விபத்தில் இறந்திருந்தார்.

13 வயதுப் பையனா வாரப் பத்திரிகை நடத்துவான்? நடத்தியது அவன் அம்மா எலிசபெத். வீட்டில் ஆறு சின்னப் பிள்ளைகள். ஏழாவது வயிற்றில், இன்றோ நாளையோ என்கிற நிலை. இதையெல்லாம் அந்த இதழிலேயே சொல்லித்தான் வாசகர்களிடம் ஆதரவு கேட்டிருக்கிறார்கள்.

18ஆம் நூற்றாண்டின் அச்சுத் தொழிலைப் பற்றி எங்கே படித்தாலும், பெண்களைப் பற்றிய பத்தி ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். "கணவர் இறந்தபின் அவருடைய மனைவி தொழிலை ஏற்று நடத்தினார்." அதோடு சரி. எனக்கு இந்த வாக்கியத்தின் மேல் ரொம்ப நாளாகக் கோபம். 'ஏற்று நடத்தினார்' என்றால், முதல் நாள் வரை அடுப்படியில் இருந்தவர் மறுநாள் அச்சகத்துக்குள் நுழைந்தார் என்றா அர்த்தம்?

ஈய எழுத்தில் அச்சுக் கோர்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு விஷயம் புரியும். ஒவ்வொரு எழுத்தையும் அதற்குரிய குழியிலிருந்து எடுத்து, கையில் இருக்கும் குச்சியில் தலைகீழாக அடுக்க வேண்டும். கண்ணாடியில் தெரிவதுபோல இடம்வலம் மாறித் தெரியும் எழுத்தைத் தப்பில்லாமல் படிக்க வேண்டும். அச்சானதும் அத்தனை எழுத்தையும் பிரித்துப் பழைய குழிகளிலேயே போட வேண்டும். எலிசபெத்தே குச்சியைப் பிடித்தாரோ, ஆட்களை வைத்து வேலை வாங்கினாரோ, எப்படி ஆனாலும் வேலை தெரியாமல் முடியாது. யார் சோம்பேறி, காகிதம் எங்கே கிடைக்கும், எந்தச் சந்தாதாரர் பாக்கி வைத்திருக்கிறார் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். துக்க வீட்டில் உட்கார்ந்து யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் வேலையா இது?

இதற்கு ஒரு சாட்சியும் உண்டு. அந்த அச்சகத்தில் பெஞ்சமின் பிராங்க்ளின் பங்குதாரர். லூயிஸ் படித்தவர், நேர்மையானவர், ஆனால் கணக்கு எழுதத் தெரியாது, உயிரோடு இருந்தவரை உருப்படியான ஒரு கணக்கு கூட வரவில்லை என்று பிராங்க்ளின் தன் சுயசரிதையில் புலம்புகிறார். மனைவி பொறுப்பெடுத்ததும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு துல்லியமாக வந்துவிடுகிறது. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் பிராங்க்ளினிடமிருந்து அச்சகத்தையே விலைக்கு வாங்கி மகன் கையில் கொடுத்துவிட்டார். ஹாலந்தில் வளர்ந்தவர், அங்கே பெண் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பார்கள், நம் பெண்களுக்கும் பாட்டையும் நடனத்தையும் விட அதுதான் உதவும் என்று பிராங்க்ளின் யோசனை வேறு சொல்கிறார். இவ்வளவு புகழ்ந்தவர் அந்த இடத்தில் அவர் பெயரை எழுதவில்லை. (நியாயமாகச் சொன்னால் கணவர் பெயரையும் எழுதவில்லை.)

சரி, பெயர் ஏன் இல்லை? அன்றைய ஆங்கிலேயச் சட்டத்தில், திருமணமான பெண்ணின் சொத்தும் ஒப்பந்தமும் கணவரோடு போய்விடும். விதவைக்கும் கல்யாணம் ஆகாதவருக்கும்தான் சொந்தமாகத் தொழில் செய்யும் உரிமை. லண்டனில் அச்சு, புத்தகத் தொழிலைக் கட்டுப்படுத்திய ஸ்டேஷனர்ஸ் கம்பெனியிலும், இறந்தவரின் மனைவி தொழிலைத் தொடரலாம். அதனால் புருஷன் இருக்கும்வரை அவள் செய்த வேலை அவன் பெயரில் வந்தது. அவன் போனபிறகுதான் அவள் பெயர் காகிதத்துக்கு வந்தது. நாமோ பெயர் வந்த தேதியை வேலை தொடங்கிய தேதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு டேசி சோலை விட நல்ல உதாரணம் கிடையாது. லண்டனில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கான புத்தகங்களை அச்சிட்டுவந்த குடும்பத்துப் பெண். கண் மங்கிப்போன அப்பாவிடமிருந்து 1690களின் தொடக்கத்தில் அச்சகத்தை வாங்கிக்கொண்டார். அப்போது கல்யாணம் ஆகவில்லை. அவர் தொழில் தெரிந்தவர், அவரே நன்றாக அச்சுக் கோர்ப்பார் என்று சக புத்தக வியாபாரி ஒருவர் 1705இல் எழுதி வைத்திருக்கிறார். 1706இல் கல்யாணம் நடந்ததும் புத்தகங்களின் முதல் பக்கத்தில் அவர் பெயர் மறைந்து, அம்மாவின் பெயர் வந்தது, ஏனென்றால் அம்மா விதவை. 1711இல் அம்மா இறந்தபிறகும் 'ஜே. சோலின் உரிமை பெற்றவர்கள்' என்றே பல வருடம் ஓடியது. கணவர் இறந்து, அதற்கும் பின்னால்தான் டேசியின் பெயர் திரும்பி வந்தது. இந்த ஐம்பது சொச்ச வருடங்களும் அச்சகம் அவர் கையில்தான் இருந்தது. கடைசியாக ஒன்று: 'டேசி' என்பது லத்தீன் சொல். 'பேசாதே' என்று பொருள். தமிழில் 'போதும்பொண்ணு' என்று பெயர் வைத்த நமக்கு இது ஆச்சரியமாகவே இருக்காது.

பெயர் வந்தாலும் சில சமயம் அது கேடயத்துக்காகத்தான். 1728இல் ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப், சக எழுத்தாளர்களைக் கிழித்துத் தொங்கவிட்ட தன் நையாண்டிக் காவியத்தைப் பெயர் போடாமல் வெளியிட்டார். அதன் முதல் பக்கத்தில் இருந்த ஒரே பெயர் ஏ. டாட். ஆன் டாட் என்ற பெண், லண்டனில் துண்டுப் பிரசுரங்களையும் பத்திரிகைகளையும் மொத்தமாக வாங்கித் தெரு வியாபாரிகளுக்கு விநியோகிப்பவர். எழுதியவர் ஒளிந்துகொள்ளலாம், விற்றவர் ஒளிய முடியாது.

பெயரே வராத இன்னொரு கூட்டம் உண்டு. அச்சான தாளை மூன்று மடிப்பு மடித்தால் பதினாறு பக்கம். அப்படி மடித்து, வரிசையாக அடுக்கி, நூலால் தைப்பது லண்டன் பைண்டிங் கூடங்களில் பெரும்பாலும் பெண்கள் வேலை. நான் கொஞ்ச காலம் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தேன். ஃபாரம் மடிக்கும் அக்காக்கள் அரட்டை அடித்துக்கொண்டே மடிப்பார்கள், பக்க எண்ணைப் பார்க்கவே மாட்டார்கள், விரல் தானாகப் போகும். நான் திருத்திய புத்தகங்களில் என் பெயர் ஒன்றிரண்டு இடத்தில் இருக்கிறது. அவர்கள் பெயர் எதிலும் இல்லை.

இவர்களையெல்லாம் தெய்வமாக்கும் எண்ணமும் எனக்கு இல்லை. எலிசபெத்தின் கெசட்டில் மனிதர்களை விற்கும் விளம்பரங்களும், தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தரக் கேட்கும் விளம்பரங்களும் வந்தன. அந்தப் பணமும் சேர்ந்துதான் அந்தப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். இன்னொரு பக்கம், லண்டனில் மார்த்தா கர்னி என்ற புத்தகக் கடைக்காரர். கல்யாணமே செய்துகொள்ளாதவர். அடிமைகள் உழைப்பில் வரும் சர்க்கரையைச் சாப்பிடாதீர்கள் என்று வில்லியம் ஃபாக்ஸ் 1791இல் எழுதிய சிறு பிரசுரத்தை விற்றவர் இவர். வாரத்துக்கு ஐந்து பவுண்டு எடை சர்க்கரை வாங்கும் குடும்பம் 21 மாதம் நிறுத்தினால், ஒரு மனிதன் அடிமையாவதோ கொல்லப்படுவதோ தடுக்கப்படும் என்று அதில் கணக்கே போட்டிருந்தார்கள். பிரசுரம் 26 பதிப்பு போனது. வீட்டில் சர்க்கரை டப்பா யார் பொறுப்பில் இருந்தது என்று நினைத்துப் பார்த்தால், அதை யாரெல்லாம் படித்திருப்பார்கள் என்பதும் தெரியும்.

'விதவை' வாக்கியத்துக்குள் அடங்காத இன்னொருவர் மேரி கேத்தரின் கோடார்ட். இவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. பால்டிமோரில் தம்பி வில்லியம் ஆரம்பித்த பத்திரிகையை உண்மையில் நடத்தியவர் இவர். 1775இல்தான் 'எம். கே. கோடார்ட்' என்று அதில் பெயர் ஏறியது. அதே வருடம் ஊரின் போஸ்ட் மாஸ்டரும் ஆனார்.

1776 ஜூலையில் அமெரிக்க விடுதலைப் பிரகடனம் முதலில் அச்சானபோது, கையெழுத்திட்ட எல்லோருடைய பெயரும் அதில் இல்லை. பிரிட்டிஷ் அரசின் பார்வையில் அந்தக் கையெழுத்து ராஜத்துரோகம். 1777 ஜனவரியில், பால்டிமோரில் கூடியிருந்த காங்கிரஸ் (அமெரிக்க மாகாணப் பிரதிநிதிகளின் சபை) பெயர்களோடு அச்சிட முடிவு செய்தது. அந்த வேலை இவரிடம் வந்தது. வழக்கமாக முதலெழுத்துகளோடு நிறுத்திக்கொள்பவர், அந்தத் தாளின் அடியில் மேரி கேத்தரின் கோடார்ட் என்று முழுப் பெயரையும் கோர்த்தார். பிடிபட்டால் என்ன ஆகும் என்று தெரியாமலா இருந்திருக்கும்?

1784இல் தம்பியோடு சண்டை, பத்திரிகை கையை விட்டுப் போனது. 1789இல் புதிய அரசாங்கம் போஸ்ட் மாஸ்டர் வேலையிலிருந்தும் நீக்கியது. இனி இந்தப் பதவிக்கு நிறையப் பயணம் செய்ய வேண்டியிருக்கும், பெண்ணால் ஆகாது என்று காரணம் சொன்னார்கள். 14 வருடம் பார்த்த வேலை! ஊரில் 200 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தார்கள். அவரே ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனுக்கு எழுதிப் பார்த்தார். வாஷிங்டன் தலையிட மறுத்துவிட்டார்.

அப்புறம் அவர் பால்டிமோரிலேயே புத்தகக் கடை நடத்தினார், இன்னும் கிட்டத்தட்ட இருபது வருடம்.