இரண்டு மடங்கு வேகத்தில் அம்மா

எங்கம்மா வாட்ஸப்பில் அனுப்பும் குரல் செய்தி எதுவும் நான்கு நிமிடத்துக்குக் குறையாது. கோவில்பட்டி வீட்டில் உப்பு ஜாடி மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, காய் நறுக்கிக்கொண்டே பேசுவாள். நடுவில் குக்கர் விசில் அடிக்கும். அந்த நேரத்தில் சொன்னது எதுவும் கேட்காது, ஆனாலும் நிறுத்த மாட்டாள். புனேயில் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து நான் அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பேன். மூன்று வருடமாக இதுதான் வழக்கம், உறுத்தியதே இல்லை.

போன மாதம் ஷான்டால் அகெர்மான் எடுத்த 'நியூஸ் ஃப்ரம் ஹோம்' என்ற படம் பார்த்தேன். அப்போதுதான் உறுத்தியது.

அகெர்மான் பெல்ஜியத்துக்காரர். 1971-ல், 21 வயதில், பிரஸ்ஸல்ஸை விட்டு நியூயார்க் போனவர். அங்கே இருந்த காலத்தில் அம்மா எழுதிய கடிதங்களை வைத்திருந்து, 1976-ல் மறுபடி நியூயார்க் போய்த் தெருக்களையும் சுரங்க ரயிலையும் படம்பிடித்தார். அந்தக் காட்சிகளின் மேல் கடிதங்களைத் தானே வாசித்தார். மறு வருடம் வெளிவந்தது. அம்மா முகமும் வராது, மகள் முகமும் வராது. கடிதங்களில் பெரிய விஷயம் ஒன்றும் கிடையாது. உடம்புக்கு முடியவில்லை, சொந்தக்காரர் வீட்டு விசேஷம், ஏன் எழுதவில்லை, சீக்கிரம் எழுது. திரும்பத் திரும்ப இதுவேதான்.

மகள் அதை வாசிக்கும் விதம்தான் என்னைப் பிடித்தது. ஏற்ற இறக்கம் இல்லாமல், கடகடவென்று, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட மாதிரி வாசிக்கிறார். ரயில் வந்தால் அந்த இரைச்சலில் வரிகள் அமுங்கிவிடும். ரயில் போனதும் அம்மா வேறு எதையோ சொல்லிக்கொண்டிருப்பாள். சவுண்டில் ஏதோ கோளாறு என்று நினைத்து முதலில் வால்யூமைக் கூட்டினேன். அப்புறம்தான் புரிந்தது, வேண்டுமென்றே அப்படி விட்டிருக்கிறார் என்று. எங்கள் வீட்டுக் குக்கர் விசில் இங்கே ரயிலாக வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நம் சினிமா ஆட்கள் இந்த விஷயத்தைத் தொட்டால் முதல் வேலையாக அம்மாவைச் சாமியாக்கிவிடுவார்கள். வாசலில் நின்று கை அசைப்பாள், தலையணைக்கடியில் மகன் போட்டோ வைத்திருப்பாள், பின்னணியில் வயலின் இழுக்கும். நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வருவோம். அதில் அழுகை இருக்கிறது, தூரம் எங்கே இருக்கிறது? அம்மா சொல்வது ஒரு எழுத்து விடாமல் நமக்குக் கேட்கிறது என்றால், அவள் பக்கத்து ரூமில்தான் இருக்கிறாள் என்று அர்த்தம். தூரத்தைக் காட்ட வேண்டுமானால் அம்மாவைக் கொஞ்சம் மறைத்தாக வேண்டும் என்பது என் கட்சி.

இதை அகெர்மான் காதுக்குச் செய்தார் என்றால், மோனா ஹாட்டூம் என்ற கலைஞர் கண்ணுக்கும் சேர்த்துச் செய்தார். பாலஸ்தீனக் குடும்பம், 1948-க்குப் பிறகு ஹைஃபாவில் இருக்க முடியாமல் லெபனான் வந்தவர்கள். பெய்ரூட்டில் 1952-ல் பிறந்த மோனா, 1975-ல் சும்மா லண்டனைச் சுற்றிப் பார்க்கப் போனார். அந்த நேரம் ஊரில் உள்நாட்டுப் போர் வெடித்தது. திரும்ப முடியவில்லை, அங்கேயே தங்கிவிட்டார். 1981-ல் பெய்ரூட் போனபோது அம்மா குளிப்பதைப் போட்டோ எடுத்தார். இரண்டு பேரும் அரபியில் பேசிச் சிரித்ததையும் பதிவு செய்துகொண்டார். இதெல்லாம் சேர்ந்து 1988-ல் 'மெஷர்ஸ் ஆஃப் டிஸ்டன்ஸ்' என்ற 15 நிமிட வீடியோ ஆனது.

திரையில் அம்மாவின் உடம்பு. அதன்மேல் அவள் அரபியில் எழுதிய கடித வரிகள், மேலிருந்து கீழ்வரை, முள்கம்பி வேலி மாதிரி. அந்த எழுத்துக்கு நடுவேதான் நாம் அவளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. மகள் அந்தக் கடிதங்களை ஆங்கிலத்தில் சோகமாக வாசிக்க, பின்னால் அம்மாவின் சிரிப்பு கேட்டுக்கொண்டே இருக்கிறது. இரண்டும் ஒன்றை ஒன்று மூடுகின்றன. கடைசியில் ஒரு கடிதத்தில் செய்தி வருகிறது: கார் குண்டு வெடித்துத் தபால் ஆபீஸ் போய்விட்டது, இனிமேல் கடிதம் அனுப்ப வழியில்லை.

குளிக்கும் அம்மாவைப் போட்டோ எடுப்பதா என்று எனக்கும் முதலில் கூச்சமாக இருந்தது, பொய் சொல்வானேன். அவருடைய அப்பாவுக்கும் அதே கோபம்தான். தன் சொத்துக்குள் யாரோ புகுந்துவிட்ட மாதிரி அவர் ஆத்திரப்பட்டதைக் கடிதத்தில் அம்மாவே எழுதுகிறாள். படங்களைப் பயன்படுத்திக்கொள், அப்பாவிடம் மட்டும் மூச்சுவிடாதே என்றும் சொல்கிறாள். புருஷனுக்குத் தெரியாமல் மகளோடு கூட்டுச் சேரும் அந்த அம்மாவை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. சாமியாக்கப்பட்ட எந்த அம்மாவும் இதைச் செய்யமாட்டாள்.

அகெர்மான் கடைசியாக எடுத்த 'நோ ஹோம் மூவி'யும் அவருடைய அம்மாவைப் பற்றித்தான். நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிரோடு திரும்பியவர் அந்த அம்மா. 2014-ல் இறந்தார். அடுத்த வருடமே மகளும் போய்விட்டார். அந்தப் படத்தில் இரண்டு பேரும் ஸ்கைப்பில் பேசுகிறார்கள், வைக்க மனமில்லாமல் திரும்பத் திரும்ப முத்தம் சொல்லிக்கொள்கிறார்கள். முகம் தெரிகிறது, குரலும் கேட்கிறது. எனக்கு என்னவோ அந்த ரயில் சத்தத்துக்குள் முங்கிப்போன அம்மாதான் பக்கத்தில் இருக்கிற மாதிரி பட்டது. 'நோ ஹோம் மூவி'யை ஒரு தடவை பார்த்ததோடு சரி, இன்னொரு தடவை தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவுக்கு 'நியூஸ் ஃப்ரம் ஹோம்' கதையைச் சொன்னேன். அம்மா கடிதம் போட்டுக்கொண்டே இருக்கிறாள், மகள் ஊரைக் காட்டிக்கொண்டே இருக்கிறாள் என்றேன்.

"அந்தப் பிள்ளை பதில் போட்டுச்சா இல்லையா?"

"அது படத்துல வராதும்மா."

"அப்புறம் என்ன படம்" என்றாள். பிறகு தண்ணி லாரி வந்துவிட்டது, குடத்தை எடுக்கப் போனாள். போனை அணைக்காமலே.